டெக்கில் முடிய வேண்டிய வேலையை சாப்ட்வேரிடம் தள்ளாதீர்கள்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் ஆசையோடு தொடங்கும் வேலைகளில் ஒன்று, பீரோவில் கிடக்கும் பழைய கல்யாண வீடியோ கேசட்டுகளைக் கம்ப்யூட்டருக்கு மாற்றுவது. விலை குறைந்த ஒரு யுஎஸ்பி கேப்சர் சாதனம், மூன்று பிளக் கொண்ட ஏ.வி. ஒயர், உறவினரிடம் இரவல் வாங்கிய டெக் ஆகியவை கிடைத்துவிட்டால் ஒரே நாளில் வேலை முடிந்துவிடும் என்று நினைக்கிறார்கள். படத்தில் கோடு ஓடினாலும், மேல் பகுதி வளைந்து நெளிந்தாலும், முகங்கள் வெளிறிப் போனாலும் "பரவாயில்லை, பிறகு சாப்ட்வேரில் சரி செய்து கொள்ளலாம்" என்று விட்டுவிடுகிறார்கள்.

இந்த எண்ணத்தை மாற்றிக் கொள்ள வேண்டும் என்பதே என் கருத்து. நான் சாப்ட்வேர் எழுதிச் சம்பாதிப்பவன். அதனால்தான் சாப்ட்வேரால் எது முடியும், எது முடியாது என்பதைத் தயங்காமல் சொல்கிறேன். பைலுக்குள் வந்து சேர்ந்த தகவலை சாப்ட்வேர் மாற்றி அமைக்கலாம், மெருகேற்றலாம். வந்து சேராத தகவலை அது ஊகிக்கத்தான் முடியும். பொறியியல் கல்லூரியில் சிக்னல் பாடத்தில் கற்ற இந்த விதிக்கு வீடியோ கேசட் மிக நல்ல உதாரணம்.

கால அவகாசம் குறைவு

வி.எச்.எஸ். கேசட் முறையை ஜப்பானின் ஜேவிசி நிறுவனம் 1976ல் அறிமுகப்படுத்தியது. வி.சி.ஆர். தயாரித்து வந்த கடைசி நிறுவனமான ஃபுனாய் 2016 ஜூலையில் தயாரிப்பை நிறுத்திவிட்டது. எனவே இனிப் புது டெக் என்று ஒன்று கிடையாது. இன்று உலகில் இருப்பவை எல்லாம் தேய்ந்து கொண்டிருக்கும் பழைய டெக்குகள்தான். ஆஸ்திரேலியாவின் தேசியத் திரைப்பட, ஒலிக் காப்பகம் 2015ல் ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. 2025க்குள் டிஜிட்டலுக்கு மாற்றப்படாத காந்த டேப்கள் பெரும்பாலும் நிரந்தரமாக இழக்கப்படும் என்றது அது. அந்தக் கெடு வந்துவிட்டது.

ஆகவே "இப்போதைக்கு எப்படியாவது ஏற்றி வைப்போம், அடுத்த வருடம் நன்றாகச் செய்வோம்" என்பதற்கு உத்தரவாதம் இல்லை. இன்று நீங்கள் ஓட்டுவதே அந்தக் கேசட் நல்லபடியாக ஓடும் கடைசி முறையாக இருக்கலாம்.

குறை எங்கே பிறக்கிறது?

படத்தில் ஒரு குறை தெரிந்தால் எந்த சாப்ட்வேரில் சரி செய்யலாம் என்று தேடும் முன், அது எங்கே பிறந்தது என்று பாருங்கள். டேப், டெக்கின் ஹெட், ஒயர், கேப்சர் சாதனம், கடைசியாகக் கம்ப்யூட்டர் என்ற வரிசையில் படம் பயணம் செய்கிறது. பிறந்த இடத்திலேயே சரி செய்தால் முழுமையாகச் சரியாகும்.

படத்தின் குறுக்கே புள்ளிப் புள்ளியாக ஒரு பட்டை ஓடினால் அது டிராக்கிங் கோளாறு. டேப்பில் சாய்வாகப் பதிந்திருக்கும் தடங்களின் மேல் ஹெட் சரியாகப் போகவில்லை என்று பொருள். டெக்கிலோ ரிமோட்டிலோ உள்ள டிராக்கிங் பட்டனை மெதுவாக அழுத்திப் பட்டை மறையும் இடத்தில் நிறுத்துங்கள். செலவே இல்லாத திருத்தம் இது. ஆனால் பட்டையோடு கேப்சர் செய்துவிட்டால் அந்தப் பட்டைக்குப் பின்னால் இருந்த படம் பைலில் இல்லவே இல்லை.

சத்தம் தெளிவாக வருகிறது, படம் மட்டும் பனிமூட்டமாக இருக்கிறது என்றால் வீடியோ ஹெட் அழுக்கடைந்திருக்கிறது. சாதாரண ஒலியைப் படிப்பது நகராத தனி ஹெட் என்பதால் அது தப்பிவிடுகிறது.

படத்தின் மேல் பகுதி கொடி போல ஒரு பக்கம் சாய்வதும், கதவு, தூண் போன்ற நேர்க்கோடுகள் நெளிவதும் நேரப் பிழையால் வருபவை. பழைய டேப் சீரான வேகத்தில் ஓடாததால் ஒவ்வொரு வரியும் சற்று முன்னோ பின்னோ தொடங்குகிறது. பழைய பெட்டி டிவிகள் இதை ஓரளவு சமாளித்துக் காட்டின. கேப்சர் சாதனங்கள் அப்படிச் சமாளிப்பதில்லை.

படத்தின் அடியில் சில வரிகள் கிழிந்தது போல் தெரிவது பழுதே அல்ல. ஒரு ஹெட்டிலிருந்து மறு ஹெட்டுக்கு மாறும் இடம் அது. பெட்டி டிவிகளில் திரையின் விளிம்புக்கு வெளியே மறைந்திருந்தது. கம்ப்யூட்டரில் முழுப் படமும் தெரிவதால் கண்ணில் படுகிறது.

கண நேரம் மின்னி மறையும் வெள்ளைக் கீற்றுகள், டேப்பின் மேல்பூச்சு உதிர்ந்த இடங்கள். கை வீசும்போது ஓரங்கள் சீப்பின் பற்கள் போலத் தெரிந்தால் அதற்கும் டேப்புக்கும் சம்பந்தமில்லை. கம்ப்யூட்டரில் சரி செய்ய வேண்டிய விஷயம் அது. படம் கறுப்பு வெள்ளையாக வந்தால் முதலில் கேப்சர் சாப்ட்வேரின் அமைப்பைப் பாருங்கள். இந்தியாவிலும் இலங்கையிலும் பதிவான கேசட்டுகள் பால் முறையில் இருக்கும். அமெரிக்காவிலோ கனடாவிலோ உள்ள உறவினர் அனுப்பியது என்டிஎஸ்சி முறையில் இருக்கும். அந்தக் கேசட்டை ஓட்ட இரண்டு முறைகளையும் ஏற்கும் டெக்கும் தேவை.

முதலில் டேப், பிறகு டெக்

கேசட்டின் ஜன்னல் வழியாகச் சுருளைப் பாருங்கள். வெள்ளைப் பொடி படிந்திருந்தால் அது பூஞ்சை. கடலோர ஊர்களில் ஈரப்பதம் அதிகம் என்பதால் இதற்கு வாய்ப்பு மிகுதி. பூஞ்சை பிடித்த கேசட்டை டெக்கில் போடாதீர்கள். ஹெட் கெடும், அடுத்துப் போடும் நல்ல கேசட்டுக்கும் பூஞ்சை ஒட்டும். அனுபவம் உள்ளவரிடம் கொடுத்துச் சுத்தம் செய்த பிறகே ஓட்ட வேண்டும்.

கேசட்டின் முதுகுப் பக்கம் சிறிய பிளாஸ்டிக் தகடு இருந்தால் உடைத்து எடுத்துவிடுங்கள். அது இல்லாவிட்டால் டெக்கில் தவறுதலாக ரெக்கார்ட் பட்டனை அழுத்தினாலும் எதுவும் அழியாது.

இரவல் வாங்கிய டெக்கில் முதல் கேசட்டாகக் கல்யாண கேசட்டைப் போடாதீர்கள். போனாலும் கவலை இல்லாத ஒரு சினிமா கேசட்டை அரை மணி நேரம் ஓட்டிப் பாருங்கள். டேப் சிக்காமல், கசங்காமல் வெளியே வந்தால் மட்டும் அடுத்த கட்டத்துக்குப் போகலாம். பல வருடம் ஓடாத கேசட்டைக் கடைசி வரை ஒரு முறை ஓட்டி, மறுபடி ரீவைண்ட் செய்தால் சுருளின் இறுக்கம் சீராகும்.

ஹெட்டைச் சுத்தம் செய்வதைப் பழைய டிவி மெக்கானிக் ஒருவரிடம் விடுவது நல்லது. நீங்களே செய்வதானால் மின் இணைப்பைத் துண்டித்துவிட்டு, ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் நனைத்த தாளை உருளையின் மேல் அசையாமல் பிடித்துக் கொண்டு, உருளையைக் கையால் சுழற்றுங்கள். மேலும் கீழுமாகத் தேய்க்கக் கூடாது. பஞ்சு சுற்றிய குச்சியும் கூடாது. பஞ்சு நூல் ஹெட்டில் சிக்கி அதை உடைத்துவிடும்.

இரண்டு வீட்டுக் கேசட்டையும் தேடுங்கள்

சாப்ட்வேரில் மணிக்கணக்கில் போராடுவதைவிட நல்ல பலன் தரும் ஒரு வழி உண்டு. கல்யாண வீடியோவை அந்நாளில் பெரும்பாலும் பெண் வீட்டாருக்கு ஒன்று, மாப்பிள்ளை வீட்டாருக்கு ஒன்று என்று இரண்டு கேசட்டாகப் போட்டுக் கொடுத்தார்கள். இரண்டும் ஒரே அளவு தேய்ந்திருக்காது.

என் பெற்றோரின் கல்யாணம் 1995ல் நடந்தது. அப்பா வீட்டுக் கேசட்டில் தாலி கட்டும் இடத்தில் மட்டும் கீற்றுகள் நிறைய. காரணம் எளிது. வந்தவர்களுக்கெல்லாம் அந்த இடத்தைத்தான் ரீவைண்ட் செய்து, பாஸ் போட்டுக் காட்டியிருக்கிறார்கள். பாஸ் போட்டால் டேப் நிற்கும், ஹெட் நிற்காது. பால் முறையில் அந்த உருளை விநாடிக்கு 25 முறை சுழன்று ஒரே இடத்தைத் தேய்த்துக் கொண்டிருக்கும். ஆக, குடும்பம் மிகவும் நேசித்த காட்சிதான் கேசட்டில் மிகவும் தேய்ந்த காட்சி. அம்மா பிறந்த வீட்டில் டெக் சீக்கிரமே பழுதாகிவிட்டதால் அவர்களுடைய கேசட் அதிகம் ஓடவில்லை. அதில் அதே காட்சி சுத்தமாக இருந்தது.

வீடியோகாரர்கள் பாதிப் படத்துக்கு மேல் சினிமாப் பாட்டைப் பதிந்து, அசல் சத்தத்தை எடுத்துவிடுவது அப்போது வழக்கம். பாட்டு தொடங்கும் முன் மண்டப வாசலில் தாத்தா யாரையோ "சாப்பிட்டுட்டுத்தான் போகணும்" என்று தடுத்து நிறுத்துகிறார். அவருடைய குரல் எங்களிடம் வேறு எங்கும் இல்லை. படத்தைச் சுத்தம் செய்கிறோம் என்ற பேரில் நாம் எதைக் கையாளுகிறோம் என்பதை இப்படிப்பட்ட சில விநாடிகள்தான் நினைவூட்டுகின்றன.

கேப்சர் செய்யும்போது

டெக்கில் எஸ்-வீடியோ இணைப்பு இருந்தால் மஞ்சள் பிளக்கைவிட அதையே பயன்படுத்துங்கள். ஒளியும் நிறமும் தனித்தனியாக வருவதால் நிறங்களின் ஓரத்தில் ஊறும் புள்ளிகள் குறையும்.

நெளியும் படத்துக்கு டைம் பேஸ் கரெக்டர் என்ற மின்சுற்று தேவை. ஜேவிசி, பானாசோனிக் நிறுவனங்களின் உயர்தர எஸ்-வி.எச்.எஸ். டெக்குகள் சிலவற்றில் இது உள்ளேயே இருக்கிறது. அது கிடைக்காதவர்களுக்கு இன்னொரு வழி: 2000களில் விற்ற டிவிடி ரெக்கார்டர்கள் சிலவற்றிலும் படத்தை நிலைப்படுத்தும் சுற்று உண்டு. டெக்கை அதன் உள்ளீட்டில் இணைத்து, அதன் வெளியீட்டைக் கேப்சர் சாதனத்துக்குக் கொடுத்தால் நெளிவு பெருமளவு குறையும். டிஸ்க் எதுவும் போட வேண்டாம். படம் அதன் வழியாகக் கடந்து போனால் போதும்.

அடுத்தது வெளிச்சம். கேமராவோடு இருந்த வீடியோ லைட் நேராக விழுந்த வெள்ளை வேட்டி, மல்லிகைப்பூ, நெற்றி ஆகியவை கேப்சரில் எளிதாக வெந்து வெறும் வெள்ளையாகிவிடும். வேட்டியின் மடிப்பும் பூவின் இதழும் ஒருமுறை வெள்ளையில் கரைந்தால் எந்த சாப்ட்வேராலும் மீட்க முடியாது. எனவே கேசட்டில் மிகவும் வெளிச்சமான இடத்தை ஓட்டிப் பார்த்து, கேப்சர் சாப்ட்வேரில் பிரைட்னஸ், கான்ட்ராஸ்ட் இரண்டையும் குறைத்து வையுங்கள். சற்று மங்கலாக இருப்பதில் தவறில்லை; மங்கலைப் பிறகு தூக்கிவிடலாம்.

படத்தின் அளவு 720க்கு 576 பிக்ஸல் போதும். வி.எச்.எஸ்.சில் படுக்கை வாட்டில் சுமார் 240 வரிகள் அளவு விவரமே இருக்கிறது. எச்.டி. அளவில் கேப்சர் செய்தால் பைல்தான் பெருக்கும். ஏ.வி. ஒயரை எச்.டி.எம்.ஐ.யாக மாற்றும் சிறு பெட்டிகளையும் இந்த வேலைக்குத் தவிர்த்துவிடுங்கள். அவை படத்தை உள்ளேயே பிசைந்து பெரிதாக்கி அனுப்புகின்றன.

இழப்பில்லாத சுருக்க முறையில் சேமியுங்கள். ஹஃப்ஒய்யுவி, எஃப்எஃப்வி1 போன்ற கோடெக்குகள் இலவசம். விர்ச்சுவல்டப் போன்ற இலவச சாப்ட்வேரில் இவற்றைப் பயன்படுத்தலாம். சுருக்காமல் வைத்தால் மணிக்கு 75 ஜிபி ஆகும் படம், இவற்றில் சுமார் 30 முதல் 40 ஜிபிக்குள் அடங்கும். மூன்று மணி நேரக் கல்யாணத்துக்கு ஏறக்குறைய 100 ஜிபி. இது அதிகம் என்று தோன்றலாம். ஆனால் கேசட்டின் இடத்தில் இனி இருக்கப் போவது இந்தப் பைல்தான். வெளி ஹார்ட் டிஸ்க்கை என்டிஎஃப்எஸ் முறையில் பார்மட் செய்து கொள்ளுங்கள். பழைய ஃபேட்32 முறையில் ஒரு பைல் 4 ஜிபியைத் தாண்ட முடியாது.

கேப்சர் நடக்கும்போது சாப்ட்வேர் காட்டும் விடுபட்ட ஃபிரேம்களின் எண்ணிக்கையைக் கவனியுங்கள். அது ஏறிக் கொண்டே போனால் உதடும் சத்தமும் பொருந்தாமல் போகும். உடனே நிறுத்திக் காரணத்தைச் சரி செய்துவிட்டுத் தொடருங்கள்.

சாப்ட்வேருக்கு உரிய வேலை

இவ்வளவும் முடிந்த பிறகு சாப்ட்வேருக்கு வேலை இல்லையா? உண்டு. ஆனால் அசல் பைலைத் தொடாமல், அதன் பிரதியில்தான் எல்லாம் செய்ய வேண்டும்.

முதல் வேலை டீஇன்டர்லேஸ். வி.எச்.எஸ். விநாடிக்கு 50 அரைப் படங்களைப் பதிகிறது. ஒன்றில் ஒற்றை வரிகள், அடுத்ததில் இரட்டை வரிகள். இவற்றை அப்படியே ஒன்றாகச் சேர்ப்பதால்தான் சீப்புப் பற்கள் தெரிகின்றன. பலர் ஒரு பாதியைத் தூக்கி எறிந்து 25 படமாக்கிவிடுகிறார்கள். அசைவின் மென்மை போய்விடுகிறது. ஹேண்ட்பிரேக் சாப்ட்வேரில் டீஇன்டர்லேஸ் பகுதியில் பாப் என்ற முறையைத் தேர்ந்தெடுத்தால் விநாடிக்கு 50 முழுப் படங்கள் கிடைக்கும். கொஞ்சம் படித்துக் கற்கத் தயாராக இருப்பவர்களுக்கு அவிசின்த் மூலம் இயங்கும் க்யூடிஜிஎம்சி இன்னும் நல்ல பலன் தரும். படத்தின் அளவை மாற்றுவதாக இருந்தால் டீஇன்டர்லேஸ் முடிந்த பிறகே மாற்ற வேண்டும். முன்பே மாற்றினால் சீப்புப் பற்கள் படத்தோடு கலந்து நிரந்தரமாகிவிடும்.

நிறம் உருவத்தை விட்டு வலப்பக்கமோ கீழோ தள்ளியிருந்தால் நிறத்தை மட்டும் சில பிக்ஸல் நகர்த்திப் பொருத்தலாம். அடியில் உள்ள கிழிந்த வரிகளைக் கறுப்புப் பட்டையால் மூடலாம். விகிதம் 4:3 ஆகவே இருக்கட்டும். அகலத் திரையை நிரப்ப இழுத்தால் எல்லோரும் குண்டாகத் தெரிவார்கள். புள்ளிகளைக் குறைக்கும் வடிகட்டியை உப்புப் போல அளவோடு சேருங்கள். அதிகமானால் முகங்கள் மெழுகு பொம்மைகளாகும். பட்டுப் புடவையின் ஜரிகை காணாமல் போகும்.

"இப்போது ஏஐ எல்லாவற்றையும் 4கே ஆக்கிவிடுகிறதே" என்று சிலர் கேட்கலாம். பார்த்து மகிழ ஒரு தனிப் பிரதியாகச் செய்து கொள்ளுங்கள், தடை இல்லை. ஆனால் கூட்டத்தில் நாற்பது பிக்ஸல் அகலத்தில் தெரியும் பாட்டியின் முகத்துக்கு ஏஐ வரையும் கண்ணும் மூக்கும் பாட்டியுடையவை அல்ல. ஆயிரக்கணக்கான வேறு முகங்களைப் பார்த்துக் கற்றதை வைத்து அது போடும் ஊகம். அசல் பைல் இருந்தால் இது ஒரு விளையாட்டு. அசலை அழித்துவிட்டு இதை மட்டும் வைத்துக் கொண்டால், நாளை பேரப்பிள்ளைகள் பார்க்கப் போவது யாரோ ஒருவரை.

ஒரு மறுப்பையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். விஎச்எஸ்-டிகோட் என்ற திறந்த மூல சாப்ட்வேர், டெக்கின் ஹெட்டிலிருந்து வரும் மூல சிக்னலையே பதிவு செய்து, நெளிவைக் கூட கம்ப்யூட்டரிலேயே திருத்துகிறது. ஆனால் அதற்கு டெக்கைத் திறந்து ஒயர் இணைக்க வேண்டும். நல்ல ஹெட்டும், சரியான டிராக்கிங்கும் அங்கும் கட்டாயம். ஹெட் படிக்காததை அதுவும் படிக்காது.

கடையில் கொடுப்பவர்கள் கவனத்துக்கு

எல்லோராலும் இதைச் செய்ய முடியாது. கடையில் கொடுப்பது தவறில்லை. ஆனால் கொடுக்கும் முன் நான்கு கேள்விகள் கேளுங்கள். சுருக்காத அல்லது இழப்பில்லாத அசல் பைலை என் ஹார்ட் டிஸ்க்கில் தருவீர்களா? டிராக்கிங்கை ஒவ்வொரு கேசட்டுக்கும் பார்த்துச் சரி செய்வீர்களா? பார்ப்பதற்கான பைல் விநாடிக்கு 50 படமாக வருமா? கேசட்டைத் திருப்பித் தருவீர்களா? முதல் கேள்விக்கும் கடைசிக் கேள்விக்கும் "ஆம்" என்ற பதில் வராவிட்டால் வேறு கடை பாருங்கள்.

எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் பல ஆண்டுகளுக்கு முன் நான்கு கேசட்டுகளைக் கடையில் கொடுத்து ஒரே டிவிடியில் அடைத்து வாங்கியது. இடத்தை அடைக்கிறது என்று கேசட்டுகளைப் போட்டுவிட்டார்கள். படம் கட்டம் கட்டமாக உடைந்திருந்தது. இப்போது அந்த டிஸ்க்கும் பாதியில் நின்றுவிடுகிறது. அவர்கள் வாங்கிய புது லேப்டாப்பில் டிவிடி டிரைவே இல்லை. எந்த சாப்ட்வேரைக் கொண்டு இதைச் சரி செய்வது?

எனவே கம்ப்யூட்டருக்கு மாற்றிய பின்னும் கேசட்டைத் தூக்கிப் போடாதீர்கள். முழுவதும் ரீவைண்ட் செய்து, புத்தகம் போல நிமிர்த்தி, ஈரம் படாத இடத்தில் வையுங்கள். அசல் பைலை இரண்டு ஹார்ட் டிஸ்க்குகளில் போட்டு, ஒன்றை வேறு வீட்டில் கொடுத்து வையுங்கள். சுத்தம் செய்த பிரதியைக் குடும்பத்தில் எல்லோருக்கும் அனுப்புங்கள்.

நல்ல சாப்ட்வேர்கள் வருடா வருடம் வந்து கொண்டே இருக்கும். கவனமாக எடுத்த அசல் பைல் உங்களிடம் இருந்தால், பத்து வருடம் கழித்து வரும் சாப்ட்வேரையும் அதன் மேல் ஓட்டிப் பார்க்கலாம். டெக்குகள் அப்படி வரப் போவதில்லை. ஆகவே இந்த வாரம் செய்ய வேண்டியது புது வீடியோ எடிட்டர் தேடுவது அல்ல. பீரோவைத் திறந்து கேசட்டுகளை வெளியே எடுத்து, ஜன்னல் வழியாக ஒவ்வொன்றையும் பாருங்கள். சம்பந்தி வீட்டுக்கும் ஒரு போன் செய்து, அவர்களுடைய கேசட் பத்திரமாக இருக்கிறதா என்று கேளுங்கள்.